வெளிநாட்டுக்குக் குறுகிய கால ஊழியப் பயணம்: முதல்முறை போகும் குழுவுக்கு ஒரு வழிகாட்டி

சபையிலிருந்து ஒரு குழு பத்து, பதினான்கு நாளுக்கு வேறொரு நாட்டுக்குப் போய் ஊழியம் செய்துவிட்டு வருவது வெளியிலிருந்து பார்க்க எளிதாகத் தெரியும். டிக்கெட், விசா, ஜெபம், பெட்டி. ஆனால் இப்படிப்பட்ட பயணங்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கே போய்ச் சேர்ந்த பிறகல்ல. ஆறேழு மாதத்துக்கு முன்பே, அங்குள்ளவர்கள் கேட்காத ஒரு வேலையைச் செய்ய இங்கே முடிவெடுக்கும் கூட்டத்திலேயே கெட்டுப்போகின்றன. அதனால் பெட்டி கட்டுவது இந்தக் கட்டுரையில் கடைசிப் பக்கம்தான் வரும்.

அழைப்பு எழுத்தில் வரட்டும்

அங்குள்ள சபையோ, அங்கேயே தங்கி ஊழியம் செய்யும் மிஷனரியோ எழுத்தில் அழைக்க வேண்டும். "வாருங்கள், சந்தோஷம்" என்று போதகர் தொலைபேசியில் சொன்னால் அது மரியாதை. அழைப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. என்ன வேலை, எத்தனை பேர், எந்தத் தேதி, எங்கே தங்குவது, அங்கே பொறுப்பாளர் யார் என்ற ஐந்தும் கடிதத்தில் இருக்க வேண்டும். தேதியில் விட்டுக்கொடுக்க வேண்டியவர்கள் போகிறவர்கள்தான். நமக்கு விடுமுறையாக வரும் மாதம் அங்கே அறுவடையாகவோ அடைமழையாகவோ பள்ளித் தேர்வாகவோ இருக்கலாம்.

கடிதம் வந்ததும் அவர்களிடம் சில கேள்விகளை நேராகக் கேளுங்கள். நாங்கள் வராவிட்டால் இந்த வேலையை யார் செய்வார்கள்? நாங்கள் திரும்பிய பிறகு யார் தொடர்வார்கள்? எங்களை வைத்துப் பார்த்துக்கொள்ள உங்களுக்கு எவ்வளவு செலவாகும், யாருடைய வேலை கெடும்? போன முறை வந்த குழு செய்ததில் எது உதவவில்லை? கடைசிக் கேள்விக்கு முதலில் மழுப்பலாகத்தான் பதில் வரும். விருந்தாளியின் முகத்துக்கு நேரே குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. இரண்டாவது, மூன்றாவது பேச்சில் மெதுவாக உண்மை வெளிவரும், அதுவரை பொறுங்கள்.

கட்டட வேலைக்கு ஆசைப்படுகிற குழுக்கள் அதிகம், ஏனென்றால் முடித்த சுவரைப் படம் எடுக்க முடியும். அங்கேயே கொத்தனார் இருக்கிறார், கூலிக்கு ஆளும் கிடைக்கிறது என்றால், செங்கல் அடுக்கத் தெரியாத பன்னிரண்டு பேர் விமானம் ஏறிப் போய் அவர்கள் கூலியைக் கெடுக்க வேண்டியதில்லை. நிபுணத்துவம் உள்ள வேலை, அல்லது அங்குள்ளவர்களோடு சேர்ந்து செய்து கைமாற்றிவிடக்கூடிய வேலைதான் குறுகிய காலத்துக்குப் பொருந்தும்: ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி, சூரிய மின்தகடு அல்லது ஒலிபெருக்கி பழுது பார்ப்பதோடு அதைச் சொல்லியும் கொடுப்பது, உள்ளூர் ஆசிரியர்கள் முன்னே நிற்க நீங்கள் துணை நிற்கும் விடுமுறை வேதாகமப் பள்ளி.

மருத்துவ முகாம் என்றால் தனிக் கவனம் வேண்டும். உங்கள் மருத்துவர்களுக்கு அந்த நாட்டில் தற்காலிக அனுமதி தேவைப்படும். அதற்கு மாதங்கள் ஆகலாம். மருந்து கொண்டுபோனால், அங்கே போய்ச் சேரும் நாளில் காலாவதிக்குக் குறைந்தது ஓராண்டு மீதி இருக்க வேண்டும் என்பது மருந்து நன்கொடைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த நெறி. வீடுகளில் மிச்சமான மாத்திரைகளைச் சேர்த்துக் கொண்டுபோவது அறவே கூடாது. இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத மாத்திரை கொடுத்துவிட்டு வந்தால் இரண்டாம் மாதம் அவர் என்ன செய்வார் என்பதற்கும் பதில் இருக்க வேண்டும். அருகிலுள்ள அரசு மருத்துவமனையோடு முன்கூட்டியே பேசியிருந்தால் பதில் இருக்கும்.

அனாதை இல்லத்துக்குப் போய்க் குழந்தைகளோடு ஒரு வாரம் விளையாடும் திட்டம் வந்தால் மறுத்துவிடுங்கள். இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் மிகப் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடிருக்கிறார்கள். வெளிநாட்டவர் வருகையும் பணமும் குழந்தைகளை இல்லத்துக்கு இழுக்கின்றன. வாரம் ஒரு புதிய முகத்தோடு ஒட்டி, வாரம் ஒரு முறை பிரிவது குழந்தைக்கும் நல்லதல்ல. நல்லெண்ணம் சட்டத்தின் முன் காப்பாற்றாது என்பதற்கும் உதாரணம் உண்டு. 2010 ஜனவரியில், நிலநடுக்கத்துக்குப் பிறகு ஹைட்டியிலிருந்து 33 குழந்தைகளை உரிய ஆவணங்கள் இல்லாமல் டொமினிக்கன் குடியரசுக்குக் கொண்டுபோக முயன்ற பத்து அமெரிக்க பாப்டிஸ்டுகள் எல்லையில் கைதானார்கள்.

ஆட்களும் பொறுப்புகளும்

முதல் பயணத்துக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் போதும். ஒரே வேனில் ஏற முடிகிற எண்ணிக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் இரண்டு வண்டி, இரண்டு ஓட்டுநர், இரண்டு சமையல் என்று எல்லாம் இரட்டிப்பாகி, உபசரிக்கிற சபை உங்களைக் கவனிப்பதிலேயே களைத்துப்போகும்.

தலைவர், துணைத்தலைவர், பணப் பொறுப்பாளர், உடல்நலப் பொறுப்பாளர், குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளர். இந்த ஐந்து வேலையும் ஐந்து பேரிடம் இருக்கட்டும். தலைவரே பணப்பையையும் வைத்துக்கொள்வது வழக்கமான தவறு: அவருக்குக் காய்ச்சல் வந்தால் குழுவுக்கே கையில் காசு இருக்காது. பவுலே எருசலேமுக்குக் காணிக்கை கொண்டுபோகும்போது சபைகள் தெரிந்தெடுத்தவர்களைக் கூடவே அழைத்துப்போனார். பணத்தைத் தனியாள் கையில் விடாதது ஆவிக்குரிய குறைவு ஒன்றுமில்லை.

குழுவில் சேர விரும்புகிறவர்களிடம் விண்ணப்பம், போதகரின் பரிந்துரை, காவல்துறை நன்னடத்தைச் சான்று மூன்றும் வாங்குங்கள். பயிற்சிக்கு வராதவரைக் கூட்டிப்போகாதீர்கள், அவர் எவ்வளவு காணிக்கை கொடுத்திருந்தாலும். புதிதாய்த் துக்கத்திலோ திருமணச் சிக்கலிலோ இருப்பவர், "ஒரு மாற்றமாக இருக்கும்" என்று வர நினைத்தால், தலைவர் தனியே உட்கார்ந்து பேச வேண்டும். தூக்கமில்லாத, அந்நியமான சூழலில் அந்தப் பாரம் இன்னும் கனக்கும்.

விசா: பொய் சொல்லாதீர்கள்

கடவுச்சீட்டு, திரும்பி வரும் நாளுக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக இருக்கட்டும். பல நாடுகள் இதைக் கேட்கின்றன. இரண்டு முழு வெற்றுப் பக்கங்கள் வேண்டும். டிக்கெட்டில் உள்ள பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். தகப்பன் பெயர், முதலெழுத்து, ஞானஸ்நானப் பெயர் என்று குழம்பும் குடும்பங்களில் இங்கேதான் சிக்கல் வருகிறது.

சுற்றுலா விசாவில் போய்ப் பிரசங்கம் பண்ணலாமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். சில இடங்களில் சபைக் கூட்டத்தில் சாட்சி சொல்வதைக்கூட மதப்பணி என்று எடுத்துக்கொள்வார்கள். இந்திய வம்சாவளியினர் ஓ.சி.ஐ. (இந்தியாவின் வெளிநாட்டுக் குடியுரிமை) அட்டையோடு இந்தியாவுக்குப் போனாலும், மிஷனரி பணிக்குத் தனி அனுமதி வேண்டும் என்று இந்திய அரசின் 2021 மார்ச் மாத அறிவிக்கை சொல்கிறது. நேபாளத்தில் 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தின்படி, ஒருவரை மதம் மாற்றினால் ஐந்தாண்டு வரை சிறையும் ஐம்பதாயிரம் நேபாள ரூபாய் வரை அபராதமும் உண்டு. வெளிநாட்டவரானால் தண்டனை முடிந்த ஏழு நாளுக்குள் நாட்டைவிட்டு வெளியேற்றப்படுவார். நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள். காவல் நிலையத்துக்குக் கூப்பிடப்படப்போவது உங்களை அழைத்த போதகர். எனவே எந்த விசா, எது அனுமதி, எது இல்லை என்பதைத் தூதரக இணையதளத்தில் பார்த்து, அங்குள்ள சபையிடமும் கேட்டு, இரண்டும் பொருந்தினால் மட்டும் விண்ணப்பியுங்கள். குடியேற்ற மேசையில் கேட்டால் குழுவிலுள்ள எல்லோரும் ஒரே உண்மையைச் சொல்ல வேண்டும்.

பணம்

வரவு செலவுத் திட்டத்தில் விமானம், விசா, காப்பீடு, தடுப்பூசி, உள்ளூர் வண்டியும் எரிபொருளும், தங்குமிடம், சாப்பாடு, குடிதண்ணீர், மொழிபெயர்ப்பாளருக்குத் தினக்கூலி, ஊழியப் பொருட்கள், உபசரிக்கும் சபையின் கூடுதல் செலவு எல்லாம் வர வேண்டும். மொத்தத்தின் மேல் பத்து சதவீதம் அவசரத்துக்கு. மொழிபெயர்ப்பாளர் விசுவாசிதானே என்று கூலியை விட்டுவிடாதீர்கள். அவர் அந்த இரண்டு வாரம் வேறு வேலைக்குப் போக முடியாது. உபசரிக்கும் சபைக்கான பணத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே அனுப்புங்கள். உங்களுக்கு அரிசியும் மெத்தையும் வாங்க அவர்கள் கடன் வாங்கும்படி ஆகக் கூடாது.

ஆதரவு கேட்டு அனுப்பும் ஜெபக் கடிதத்தில் மூன்று விஷயங்களைத் தெளிவாக எழுதுங்கள்: பணம் சபைக் கணக்குக்குத்தான் வரும், தனிநபருக்கு அல்ல; ஒருவர் கடைசியில் வர முடியாமல் போனால் அவர் பெயரில் வந்த பணம் பயணத்துக்கே போகும்; தேவைக்கு மேல் சேர்ந்தால் எதற்குப் பயன்படும். இதை எழுதாத இடத்தில்தான் பின்னால் மனத்தாங்கல் வருகிறது. டிக்கெட் வாங்கும் நாளுக்கு முன்பு ஒரு கடைசித் தேதி வையுங்கள். அன்று தன் பங்கில் பாதி சேராதவரோடு தலைவர் பேசட்டும்.

ரொக்கம் கொண்டுபோனால் அறிவிப்பு வரம்பைப் பாருங்கள். அமெரிக்காவில் 10,000 டாலருக்கு மேல், ஐரோப்பிய ஒன்றியத்தில் 10,000 யூரோவோ அதற்கு மேலோ என்றால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். டாலர் நோட்டுகள் புதியவையாக, கிறுக்கலோ கிழிசலோ இல்லாதவையாக இருக்கட்டும். பழைய நோட்டை மாற்ற மறுக்கும் இடங்கள் உண்டு.

உடல்நலம்

பயண மருத்துவரைப் புறப்படுவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே பாருங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று, ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் செல்லும். 2016 ஜூலை முதல் அது ஆயுள் முழுவதற்கும் செல்லும். டைபாய்டு ஊசியைக் குறைந்தது இரண்டு வாரம் முன்பு போட வேண்டும். டெட்டனஸ், ஹெபடைட்டிஸ் ஏ, தட்டம்மை ஆகியவற்றையும் சரிபாருங்கள்.

மலேரியா பகுதி என்றால் மருத்துவர் தரும் மாத்திரையில் குழப்பம் வருவது நாள் கணக்கில். அட்டோவாகுவோன்-புரோகுவானில் என்ற மாத்திரை என்றால், போவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பு தொடங்கி, திரும்பிய பின் ஏழு நாள். டாக்ஸிசைக்கிளினும் ஒன்றிரண்டு நாள் முன்புதான், ஆனால் திரும்பிய பின் நான்கு வாரம். வெயிலில் தோலை எரிக்கும், வெறும் வயிற்றில் குமட்டும், விழுங்கிவிட்டு உடனே படுத்தால் தொண்டையைப் புண்ணாக்கும். மெஃப்லோகுயினை இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்க வேண்டும். மனச்சோர்வு, வலிப்பு வரலாறு உள்ளவர்களுக்கு ஆகாது. வீடு வந்ததும் மாத்திரையை மறப்பவர்கள்தான் அதிகம். மாத்திரை மட்டும் போதாது: கொசுவலை, முழுக்கை, டீட் (DEET) என்ற வேதிப்பொருள் கலந்த கொசு விரட்டி மூன்றும் வேண்டும்.

குழுவில் யாருக்காவது வயிற்றுப்போக்கு வரும் என்றே வைத்துக்கொண்டு தயாராகுங்கள். ஆளுக்கு நாலைந்து உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கொண்டுபோங்கள். பொட்டலம் தீர்ந்தால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி அளந்தது. உப்பு கூடினால் ஆபத்து. தண்ணீரைக் கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் கொதிக்க விட வேண்டும். 2,000 மீட்டருக்கு மேலான மலைப்பகுதியில் மூன்று நிமிடம். மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல் இருந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

நாயோ குரங்கோ கடித்தால் அந்த இடத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குப் போக வேண்டும். முன்பே வெறிநோய்த் தடுப்பூசி போட்டவருக்கும் கடித்த பின் ஊசி உண்டு.

காப்பீட்டில் அவசர மருத்துவ வெளியேற்றம், அதாவது நோயாளியைச் சிகிச்சைக்காக வேறு இடத்துக்குக் கொண்டுபோகும் செலவு, இருக்கிறதா என்று பாருங்கள். ஏணி ஏறும் வேலை, மோட்டார் சைக்கிள் பயணம் இரண்டையும் விலக்கும் காப்பீடுகள் பல. உண்மையில் நோயைவிடச் சாலைதான் பயமுறுத்த வேண்டும்: இரவில் நெடுஞ்சாலைப் பயணம் வேண்டாம், இருக்கைப் பட்டை இல்லாத வண்டி வேண்டாம், ஓட்டுநர் தூங்கி வழிந்தால் வண்டியை நிறுத்துங்கள், கூட்டம் ரத்தானாலும் பரவாயில்லை.

சொந்த மாத்திரைகளை மருந்துச் சீட்டோடும் அசல் அட்டையோடும் கைப்பையில் வையுங்கள். டிராமடால் போன்ற வலிநிவாரணிகள் எகிப்து, ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்டவை. சீட்டு இருந்தாலும் முன் அனுமதி கேட்கலாம்.

பயிற்சி: என்ன பேசுவது, எப்படிப் பேசுவது

புறப்படுவதற்கு முந்தைய மூன்று மாதத்தில் ஐந்தாறு கூட்டங்களாவது வையுங்கள். ஒவ்வொருவரும் தன் சாட்சியை மூன்று நிமிடத்தில் எழுதிச் சொல்லிப் பழக வேண்டும். மொழிபெயர்ப்போடு சொன்னால் அது ஆறு நிமிடம். போதகர் இருபது நிமிடம் கொடுத்தால் உங்களிடம் இருப்பது பத்து நிமிடப் பேச்சுதான். இந்தக் கணக்கை மறப்பவர்களால்தான் ஆராதனை மதியம் வரை நீள்கிறது.

மொழிபெயர்ப்பாளரோடு பேசுவது தனிப் பயிற்சி. முழு வாக்கியமாக, சிறியதாகச் சொல்லி நிறுத்துங்கள். பாதி வாக்கியத்தில் நிறுத்தினால், வினைச்சொல் கடைசியில் வரும் மொழிகளில் அவரால் தொடங்கவே முடியாது. சொல் விளையாட்டு, பழமொழி, சொந்த நாட்டு அரசியல் நகைச்சுவை எல்லாம் வேண்டாம். பார்வை மக்கள்மேல் இருக்கட்டும், மொழிபெயர்ப்பாளர்மேல் அல்ல. வசனத்தை நீங்கள் வாசிக்காமல் அவர்கள் வேதாகமத்திலிருந்து அவர்களில் ஒருவரையே வாசிக்கச் சொல்லுங்கள். குறிப்பை முந்தின நாள் மாலையே மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள். "கிருபை", "நீதிமானாக்கப்படுதல்" போன்ற சொற்களுக்கு அவர் யோசிக்க நேரம் வேண்டும்.

"ஏற்றுக்கொள்கிறவர்கள் கையை உயர்த்துங்கள்" என்ற அழைப்பை உள்ளூர் போதகரிடம் விட்டுவிடுங்கள். தூரத்திலிருந்து வந்த விருந்தாளி கேட்டால் மறுப்பது அவமரியாதை என்று நினைக்கும் ஊர்களில் எல்லாக் கையும் உயரும். அந்த எண்ணிக்கையை அறிக்கையில் போடுவது நேர்மையல்ல. யார் உண்மையில் வந்தார்கள் என்பது போதகருக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும்.

குழந்தைகள் விஷயத்தில் விதி கண்டிப்பாக இருக்கட்டும்: எந்தக் குழந்தையோடும் ஒரு பெரியவர் தனியாக இருக்கக் கூடாது, எப்போதும் இருவர். கழிப்பறைக்குக் கூட்டிப்போவது உள்ளூர் ஆசிரியர் வேலை. தொலைபேசி எண், சமூக ஊடக நட்பு கொடுக்கல் வாங்கல் இல்லை. படம் எடுக்கப் பெற்றோரிடமும் சபையிடமும் கேட்க வேண்டும். பெயரும் ஊரும் முகமும் ஒரே பதிவில் வரக் கூடாது. சபைக்கு நெருக்கடி உள்ள நாடுகளில் திரும்பி வரும்வரை எதையுமே வெளியிடாதீர்கள்.

பெட்டி

சொந்தத் துணிமணி பாதி, ஊழியப் பொருள் பாதி. ஊழியப் பொருளை எல்லாப் பெட்டியிலும் பிரித்து வையுங்கள். ஒரு பெட்டி தொலைந்தால் ஒரு பகுதிதான் போகும். கைப்பையில் ஒரு மாற்று உடை, மருந்து, ஆவணங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான். 100 வாட்-மணிக்குள், அதாவது வழக்கமான 3.7 வோல்ட் மின்கலத்தில் ஏறத்தாழ 27,000 மில்லி ஆம்பியர்-மணிக்குள் இருக்க வேண்டும். தலையில் மாட்டும் விளக்கு, காதடைப்பான், பிளக் மாற்றி. உடை என்ன போட வேண்டும் என்று அங்குள்ள பெண்களிடமே கேளுங்கள். ஆண் தலைவர் யூகித்துச் சொல்வது பெரும்பாலும் தப்பாகிறது. கடவுச்சீட்டு, விசா நகல்கள் இரண்டு: ஒன்று தலைவரிடம், ஒன்று சபை அலுவலகத்தில்.

அங்கே இருக்கும் நாட்கள்

முதல் நாள் நிகழ்ச்சி வேண்டாம். தூங்கி எழுந்து, ஊரை நடந்து பார்த்து, போதகர் சொல்வதைக் கேளுங்கள். காலையில் பதினைந்து நிமிடம் ஜெபமும் அன்றைய திட்டமும். இரவில் அரை மணி நேரம் மீள்பார்வை. நான்காம், ஐந்தாம் நாளில் குழுவுக்குள் உரசல் வரும். தூக்கக்குறைவும் வயிறும் காரணம். பெரிய ஆவிக்குரிய விளக்கம் தேடாமல் அரை நாள் ஓய்வு கொடுங்கள்.

பரிமாறியதைச் சாப்பிடுங்கள். முடியாததைக் கொஞ்சமாக வாங்குங்கள், முகம் சுளிக்காதீர்கள். பச்சைக் காய், உரிக்காத பழம், பனிக்கட்டி ஆகியவற்றைப் பற்றிச் சமைக்கிறவர்களிடம் முதல் நாளே தலைவர் பேசிவிட்டால் சாப்பாட்டு மேசையில் மறுக்க வேண்டி வராது.

யாராவது தனியே வந்து பள்ளிக் கட்டணத்துக்கோ ஆபரேஷனுக்கோ பணம் கேட்பார்கள். கேட்கும் தேவை பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனாலும் தனியாளாகக் கொடுக்காதீர்கள். "குழுத் தலைவரிடம் சொல்கிறேன்" என்பதுதான் எல்லோருடைய பதிலும். தலைவர் அதை அங்குள்ள மூப்பர்களிடம் கொண்டுபோவார். ஒருவருக்குக் கையில் கொடுத்த நூறு டாலர், நீங்கள் போன பிறகு ஒரு சபையையே இரண்டாக்கும். "அடுத்த வருஷம் வருகிறேன்", "உன்னைப் படிக்க வைக்கிறேன்" என்ற வார்த்தைகளுக்கும் இதே விதி.

திரும்பிய பிறகு

விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் போதகரோடு கணக்கை முடித்து, மீந்த பொருளைப் பட்டியலோடு ஒப்படையுங்கள். வீடு வந்து சில வாரங்கள், ஏன் ஓராண்டு வரைகூட, காய்ச்சல் வந்தால் எந்த நாட்டுக்குப் போனீர்கள் என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சாதாரணக் காய்ச்சல் என்று விட்ட மலேரியா உயிரைப் பறிக்கும். ஆப்பிரிக்காவின் மலாவி, விக்டோரியா போன்ற ஏரிகளில் குளித்தவர்கள் அதையும் சொல்ல வேண்டும். அந்தத் தண்ணீரில் தொற்றும் நத்தைக் காய்ச்சல் என்ற ஒட்டுண்ணி நோய்க்குச் சோதனை உண்டு.

ஒரு மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கைச் சபைக்கும் கொடுத்தவர்களுக்கும் அனுப்புங்கள். மூன்று மாதம் கழித்து, பயணத்தில் வராத ஒருவரைக் கொண்டு அங்குள்ள சபையைக் கேட்கச் சொல்லுங்கள்: பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இன்னும் வகுப்பு எடுக்கிறார்களா, பழுது பார்த்த கருவி ஓடுகிறதா, நாங்கள் வந்ததால் உங்களுக்குக் கடன் ஏதும் மிஞ்சியதா. அந்தப் பதில் கையில் வந்த பிறகு அடுத்த பயணத்துக்குத் தேதி குறிக்கலாம்.